அலை ஐயாவும் ஐந்தாம் நம்பர் உறையும்

எங்கள் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. எட்டரைக்கெல்லாம் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. படிக்கு மூன்று பேர், கைப்பிடியில் சாய்ந்து இரண்டு பேர். வரிசை படியிறங்கி, எங்கள் வாசலைத் தாண்டி, பக்கத்துப் பல் மருத்துவரின் வாசலையும் அடைத்துக்கொண்டு நிற்கும். பல்வலியோடு வந்த இரண்டு பேர் தெரியாமல் அந்த வரிசையில் நின்று, மாடிக்குப் போய், வாயைத் திறந்து காட்டி, ஆளுக்கொரு டேப்லெட் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று பல் மருத்துவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். வலி போய்விட்டதாகவும் கேள்வி.

நான் கீழ்த்தளம். டேப்லெட் கவுன்ட்டர். மாத்திரை இல்லை, தொடுதிரைக் கருவி. பதினொரு வருடமாக எது நல்லது, எது மட்டம், யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறேன். மாடியில் இருப்பவர் அலை ஐயா. அவருக்கும் அதே தொழில்தான். நான் டேப்லெட்டைத் திறந்து பார்த்துச் சொல்வேன். அவர் திறக்க மாட்டார். கூட்டம் அவருக்கு.

அவருடைய கண்டுபிடிப்பு இது. மனிதருக்கு ஒரு அலை உண்டு. டேப்லெட்டுக்கு ஒரு அலை உண்டு. இரண்டும் பொருந்தினால் வீடு விளங்கும். பொருந்தாவிட்டால் தலைவலி, கல்யாணத் தடை, பிள்ளைக்குக் கணக்கு வராமை, மாமியாருக்குத் திடீரென்று காது கேட்டல் முதலிய துன்பங்கள் வரும்.

எங்கள் கடையில் நாலு கம்பெனி, நாலு டேப்லெட். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் பெட்டியின்மேல் இருக்கும். நாங்கள் வைத்த பெயர்தான் கடையில் செல்லும். மெல்லிசு பேரழகி. படம் வரைகிறவர் கையில் அதைக் கொடுத்தால் கண் கலங்குவார். பேட்டரி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செத்துவிடும். கை தவறினால் அதுவே செத்துவிடும். தடியனைப் படுத்துக்கொண்டு படித்தால் மூக்குக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும், சத்தம் தெருமுனைவரை போகும், இணையம் இல்லாவிட்டாலும் தமிழில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். சிக்கனம் விலை குறைவு. எதைத் தட்டினாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறக்கும். எங்கள் கடைக்குள் அந்தப் பழக்கம் இருந்தது அது ஒன்றுக்குத்தான்.

கடைசியாக மடக்கி. இதற்குக் கூடவே ஒரு கீபோர்டு வரும். விளிம்பருகே கொண்டுபோனால் டப்பென்று தானே ஒட்டிக்கொள்ளும். நாளெல்லாம் கடிதம் அடிக்கிறவர்களுக்கு நல்ல பொருள். மற்றவர்களுக்குச் சிரமம். ஒலிபெருக்கி முதுகுப்பக்கம் இருப்பதால் மேஜையில் வைத்தால் தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். தமிழ்க் குரல் இணையம் இருந்தால்தான் வரும். அலை ஐயா மாடிக்கு வரும்வரை யாரும் வாங்கவில்லை. முதலாளி ஆசைப்பட்டு மொத்தமாக எடுத்துவிட்டதால் குடோன் முழுக்க மடக்கி. எலி நுழையக்கூட இடமில்லை.

இந்த ஒப்பீட்டையெல்லாம் பெரிய அட்டையில் கையால் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தேன். அதை முழுதாகப் படித்தவர் ஒருவர். எலெக்ட்ரீஷியன். எந்த இடத்தில் ஓட்டை போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர்களோடு என் உரையாடல் இப்படித்தான் இருக்கும்.

"இதுல எது சார் நல்லது?"

"நீங்க எதுக்குப் பயன்படுத்தப் போறீங்க?"

"அதை வாங்கினப்புறம் பாத்துக்கலாம். எது நல்லது?"

"அது உங்க தேவையைப் பொறுத்ததுங்க."

நோய் என்னவென்று நோயாளியிடமே கேட்கிற மருத்துவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். பிறகு மாடி ஏறிவிடுவார்கள்.

ஒருநாள் சரக்கு கொண்டுபோய் வைக்கிற சாக்கில் நானும் மாடியில் நின்று பார்த்தேன். நீல வெல்வெட் விரித்த மேஜை. அதன்மேல் வரிசையாக நாலு டேப்லெட். அலை ஐயா சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார். விரலில் ஒரு பட்டு நூல். நூல் நுனியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கறுப்புக் கல். வானத்திலிருந்து விழுந்த கல்லாம். எங்கே விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அங்கே நிற்பவர்கள் தலையில் என்று நான் சொல்லியிருப்பேன், மனதுக்குள்.

முதலில் உட்கார்ந்தவர் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிப்பவர்.

"எப்பப் பொறந்தீங்க?" என்றார் ஐயா.

"விடியக்காலைங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஆஸ்பத்திரிக் கடிகாரம் நின்னுபோயிருந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்க."

"அதான் பாருங்க. உங்களுக்கு எந்த மெஷின்லயும் சார்ஜ் நிக்காது."

பாலிசிக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. "ஆமாங்க ஐயா. நிக்கவே மாட்டேங்குது."

யாருக்குத்தான் நிற்கிறது?

கல் மெல்லிசின்மேல் சும்மா தொங்கியது. தடியன்மேல் தொங்கியது. சிக்கனத்தின்மேல் தொங்கியது. மடக்கிக்கு மேலே வந்ததும் இழுத்தது, சுற்றியது, துள்ளியது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி மடக்கிதான் பொருந்தியது. பத்தாவது ஆள், ஏற்கெனவே மடக்கி வாங்கியவர். அவருக்கு மடக்கியின் முதுகில் ஒட்டச் செம்புத் தகடு.

"தகடு ஒட்டியும் மெதுவாத்தான் ஓடுதுங்க ஐயா," என்றார் ஒருவர்.

"ஒட்டும்போது மனசுல என்ன நினைச்சீங்க?"

"ஒட்டுமான்னு நினைச்சேன்."

"போச்சு. அதைப் பிச்சுட்டு, நம்பிக்கையோட வேற ஒண்ணு ஒட்டுங்க."

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தேன். முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். "உன் வேலை விளக்கறது. கேட்டா விளக்கு. கேக்காம விளக்காதே." அடுத்த நாள் என் ஒப்பீட்டு அட்டையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் அலை ஐயாவின் படத்தை மாட்டினார்கள். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்தான்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை என் அக்காவும் மாமாவும் கடைக்கு வந்தார்கள்.

மாமா பஸ் நிலையத்து அறிவிப்பாளர். முப்பது வருடம் அவர் குரலைக் கேட்டுத்தான் ஊர் பஸ் ஏறியது. போன வருடம் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தோளில் ஒரு சிலேட்டு, சட்டைப்பையில் சாக்பீஸ். "கல்யாணமானதுலேர்ந்து இப்பத்தான் நான் பேசி முடிக்கற வரைக்கும் எதிர்ல இருக்கார்," என்று அக்கா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் இல்லாமலே அழுவாள்.

நிலைய மேலாளர் நல்ல மனிதர். ஒரு வழி சொல்லியிருந்தார். மாமா டேப்லெட்டில் எழுத, அது மைக்கில் பேச வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சோதனை. ஐந்து பஸ்ஸை ஒழுங்காக அறிவித்துவிட்டால் நாற்காலி அவருக்கே. இல்லையென்றால் பின்கட்டில் சாமான் அறை. மீதிச் சர்வீஸ் முழுக்க அங்கே பல்பு எண்ண வேண்டியதுதான்.

"டோக்கன் வாங்கிட்டேன் தம்பி," என்றாள் அக்கா. "நாளைக்கு எங்க முறை."

"எதுக்குக்கா? நான் இருக்கேன்ல?"

"உன்கிட்டத்தான் போன வாரமே கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"தேவையைப் பொறுத்ததுன்னு..."

"எங்களுக்கு என்ன தேவைன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். போன வாரம் அவள் கேட்டபோது முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதனால் அக்காவிடமே கவுன்ட்டர் பேச்சுப் பேசினேன். இப்போது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தடியன்தான்க்கா சரி," என்றேன்.

"அதை ஏன்டா இப்படிக் காதுக்குள்ள சொல்ற? நல்ல பொருளை யாராவது ரகசியமாச் சொல்லுவாங்களா? மேல அவர் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றார். தப்பா வாங்கிட்டா இன்னொரு தடவை வாங்க நமக்கு வழியில்லை. யாராவது உறுதியாச் சொல்லணும், அவ்வளவுதான்டா எனக்கு."

அவளுடைய விரல்கள் டோக்கனை நாலாக மடித்து எட்டாக மடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படிக்கட்டு வரிசையை முட்டாள்களின் வரிசை என்று நாலு மாதம் சிரித்திருக்கிறேன். அது பயந்தவர்களின் வரிசை. என்னைப்போலவே. நான் கீழே நின்று பயந்தேன், அவர்கள் படியில் நின்று பயந்தார்கள்.

இதற்கிடையில் மாமா ஆஸ்பத்திரிக் கோப்பைக் கவுன்ட்டர்மேல் வைத்தார். கோப்பில் செருகியிருந்த கிளிப் ஒன்று கழன்று, ஒரு விரல் தூரம் ஓடி, மடக்கியின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. மாமா அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். மறுபடியும் ஓடியது.

சிலேட்டில் எழுதினார். "காந்தமா?"

"ஆமா மாமா. கீபோர்டு ஒட்றதுக்கு."

"மத்ததுல?"

"கிடையாது. அதுக்கெல்லாம் கீபோர்டு தனி."

முழங்கையால் அழித்தார். "மாடியில கல் எது மேல ஆடுது மாப்ளே?"

"மடக்கி மேல மட்டும்தான்."

சொல்லி முடிப்பதற்குள் என் வாய் தானாக மூடிக்கொண்டது. தினமும் சாயங்காலம் அந்த மடக்கியின் விளிம்பிலிருந்து குண்டூசியும் கிளிப்பும் பிடுங்கி டப்பாவில் போடுவது நான். நாலு மாதமாகப் பிடுங்கியிருக்கிறேன். பதினொரு வருட அனுபவசாலி. மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிலேட்டில் எதுவும் எழுதவில்லை. எழுதாததை நான் படித்துவிட்டேன்.

அப்புறம் அக்காவுக்காக எழுதினார். "வரேன். ஆனா எல்லாத்தையும் உறைக்குள்ள போட்டுத்தான் பாக்கணும்."

"ஐயாவைச் சோதிக்கறீங்களா?" என்றாள் அக்கா.

"அவர் பெருமை ஊருக்குத் தெரியட்டும்."

அக்காவுக்கு அது நியாயமாகப்பட்டது. அவள் தலையணை உறை தைப்பவள். ஒரே துணியில் ஒரே அளவில் ஐந்து உறை கொண்டுவருவதாகச் சொன்னாள். ஏன் ஐந்து என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயத்தை மாடிக்குக் கொண்டுபோனது நான். அலை ஐயா மறுப்பார் என்று நினைத்தேன். அவருக்கோ வாயெல்லாம் பல். "உறை என்ன தம்பி, பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிக்கூட கொண்டாங்க. அலைக்குத் துணி ஒரு தடையா?" துணி தடையில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். காந்தத்துக்கும் தடையில்லை. அன்று மாலையே வாசலில் தட்டி கட்டிவிட்டார். 'நாளை காலை பத்து மணிக்கு உறைக்குள் உறையும் அலை. டோக்கன் இல்லாதவர்களும் பார்க்கலாம்.'

சனிக்கிழமை பல் மருத்துவர் கடையையே மூடிவிட்டு மாடிக்கு வந்துவிட்டார்.

மாமா என் கவுன்ட்டருக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக ஐந்து உறைகளையும் கட்டினார். மேலே சாக்பீஸால் நம்பர் போட்டார். தூக்கிக்கொண்டுபோய் வெல்வெட்டின்மேல் அடுக்கியது நான். முன்வரிசையில் பாலிசிக்காரர் இருந்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரிலுள்ள நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர். அலை ஐயா சொல்வதை மட்டும் அளக்காமலே வாங்கிக்கொள்வார். படியின் தலைமாட்டில் முதலாளி நின்றார்.

ஐயா கண்ணை மூடினார். அக்காவையும் மாமாவையும் எதிரில் உட்காரவைத்தார். நூலை இறக்கினார்.

ஒன்றாம் நம்பர் உறை. கல் சும்மா தொங்கியது. "அழகு உண்டு. ஆயுள் இல்லை."

இரண்டு. தொங்கியது. "இதுல கோபம் இருக்கு. வாங்கிட்டுப் போனா வீட்ல சண்டை."

மூன்று. "செவ்வாய்க்கிழமை செஞ்சது. வேணாம்."

நான்கு. கல் மூச்சுகூட விடவில்லை. ஐயா நெற்றியைச் சுருக்கினார். "இது ரொம்பப் புது மாடல். இன்னும் ஊருக்கே சரியா வரலை. அனுபவம் பத்தாது."

ஐந்தாம் நம்பர் உறைக்கு மேலே வந்தார். கல் இழுத்தது. சுற்றியது. மடக்கியின்மேல் ஆடியதைவிடப் பெரிதாக ஆடியது. ஐயாவே ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"ஆகா," என்றார். "இப்படி ஒரு அலையை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. இது சூடாகாது. பாதியில நின்னுபோகாது. யாரும் இதுக்குள்ள பூந்து வேவு பாக்க முடியாது. கீழ விழுந்தாலும் உடையாது. குடும்பத்துக்கே சோறு போடும்."

சர்வேயர் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

"தமிழ் பேசுமாங்க ஐயா?" என்றாள் அக்கா. குரல் லேசாக நடுங்கியது.

"தமிழ் என்னம்மா, உங்க வீட்டுக்காரர் குரல்லயே பேசும். திங்கக்கிழமை பாருங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அதுவரை மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்த மாமா சிரிப்பை நிறுத்தினார். எத்தனையோ பொய்யைக் கேட்டுச் சிரிக்கலாம். சில பொய்க்குச் சிரிப்பு வராது. அவர் உறையை அக்கா பக்கம் நகர்த்தி, பிரிக்கும்படி சைகை காட்டினார்.

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். கையை விட்டு எடுத்தாள். அவள் வீட்டுக் காய் நறுக்கும் பலகை. நடுவில் கத்திக்கீறல், ஓரத்தில் சூடான சட்டியை வைத்ததால் விழுந்த கறுப்பு வட்டம்.

"காலையிலேர்ந்து இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றாள். "வெங்காயத்தைக் கையில வெச்சு நறுக்கி விரலை அறுத்துக்கிட்டேன்." பிளாஸ்திரி போட்ட கட்டைவிரலைச் சபைக்குக் காட்டினாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"எல்லாப் பொருளுக்கும் அலை உண்டு," என்றார் ஐயா. "இது சாதாரணப் பலகைன்னு யார் சொன்னது?"

"அதானே," என்றார் சர்வேயர். "இது என்ன மரம்மா?"

"கீழ கடையில கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தகடு ஒட்டினா இன்னும் வேகமா நறுக்குமோ?" என்று இன்னொரு குரல். அது கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா எழுந்தார். பலகையைக் கையில் வாங்கினார். பிடிக்கிற ஓட்டையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை உரித்தார். உள்ளேயிருந்து காசு அளவில் இரண்டு காந்தத் துண்டு விழுந்தது. பஸ் நிலையத்து அறிவிப்பு அறையில் உடைந்துபோன பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. பலகையை மட்டும் திரும்ப மேஜையில் வைத்து, ஐயாவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

ஐயா நூலைச் சுருட்டப் பார்த்தார்.

"ஆட்டுங்க ஐயா," என்றாள் அக்கா. அந்தக் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. முப்பது வருடம் மாமா கேட்ட குரல் அது.

ஐயாவின் கையிலிருந்து நூலைப் பாலிசிக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்கு எந்த அருளும் கிடையாது. பிறந்த நேரமே கிடையாது. பலகைமேல் பிடித்தார். கல் சும்மா தொங்கியது. மாமா தன் இடது கால் செருப்பைக் கழற்றி நீல வெல்வெட்டின்மேல் வைத்து, காந்தத்தை வாருக்கு அடியில் செருகினார். பாலிசிக்காரர் நூலை அங்கே கொண்டுபோனார். கல் இழுத்தது, சுற்றியது, துள்ளியது.

அக்கா செருப்பைக் கூர்ந்து பார்த்தாள். "இதுல தமிழ் டைப் அடிக்கலாமாங்க ஐயா?"

முதலில் சிரித்தது பல் மருத்துவர். எல்லாப் பல்லும் தெரிந்தது. அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. படிக்கட்டில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னாச்சு? என்ன மாடல்?" என்று கத்தினார்கள்.

மடக்கியை உறையில் போடாமலே விட்டிருந்த மாமா, நாலாம் நம்பர் உறையைப் பிரித்தார். ஊருக்கே இன்னும் வராத அந்தப் புது மாடல் வெளியே வந்தது. அவருடைய சிலேட்டு. அதில் எழுதி உயரத் தூக்கிக் காட்டினார். படிக்கட்டுவரை எழுத்துத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார். சிலேட்டை என் கையில் கொடுத்து, படி என்பதுபோல உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

படியின் தலைமாட்டிலிருந்து முதலாளி என்னைப் பார்த்தார். கேட்டால் விளக்கு என்று சொன்னவர் அவர்தான். இப்போது மாமா கேட்டுவிட்டார்.

நான் படித்தேன். "கல்லு காந்தம். மடக்கிக்குள்ள காந்தம். மத்த மூணுல இல்லை. அவ்வளவுதான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா," என்றது படிக்கட்டு.

மறுபடியும் படித்தேன், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி. முடித்த பிறகும் வாய் நிற்கவில்லை. "யாரும் வாங்காம குடோன் முழுக்க அடைஞ்சு கிடந்ததும் மடக்கிதான்," என்றேன். அது சிலேட்டில் இல்லை.

அலை ஐயா கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டார். பையில் சாவிக்கொத்து இருந்தது. கிளம்பும் அவசரத்தில் சாவியை எடுக்கப் போனால் கல் சாவியை விடவில்லை. வானத்துக் கல்லும் வாடகை வீட்டுச் சாவியும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வந்தன. பிடுங்கிப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் சொன்ன பொருத்தங்களில் சரியாக அமைந்தது அது ஒன்றுதான்.

முதலாளி என்னிடம் வந்தார். "நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

அவர் அதைச் சொல்லி முடிக்கும்போதே கீழே கவுன்ட்டரை நாற்பது பேர் சூழ்ந்துவிட்டார்கள். கையில் மடக்கி, முதுகில் தகடு. எங்களுக்கு எது சரி, இதை மாற்றித் தர முடியுமா, இதுவே போதுமா என்று ஆளுக்கொரு கேள்வி. முதலாளிக்கு டேப்லெட்டில் எது தலை, எது கால் என்று தெரியாது. கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளைக்குத்தான வரவேணாம்னேன்? இன்னைக்குப் போய்ப் பேசு."

போய்ப் பேசினேன். தேவையைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், என்ன தேவை என்று உட்கார்ந்து கேட்டேன். கண் எப்படி, வீட்டில் யார் யார், எத்தனை மணி நேரம். நாள் முழுக்கக் கடிதம் அடிக்கிற ஒரு அம்மாவிடம், உங்களுக்கு மடக்கிதான் சரி, தகட்டை மட்டும் பிய்த்துவிடுங்கள் என்றேன். அவர் தகட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். அன்று சேர்ந்த செம்பை உருக்கினால் ஒரு குடம் செய்யலாம். இன்றுவரை முதலாளிக்கு அந்த 'நாளை' வரவில்லை.

அக்காவிடம் இரண்டாம் நம்பர் உறையைக் கொடுத்தேன். கோபம் இருக்கிறது, வீட்டில் சண்டை வரும் என்று ஐயா ஒதுக்கினாரே, அதற்குள் இருந்தது தடியன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் பஸ் நிலையம் போனேன். அறிவிப்பு அறையில் தடியன் மைக்குக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா விரலைச் சொடுக்கிவிட்டு எழுதினார். அக்கா என் கையை நசுக்கினாள்.

"பயணிகள் கவனத்திற்கு," என்றது தடியன். சுத்தமான பெண் குரல். சம்மன் படிக்கிற மாதிரி ஒரே சுருதி. கீழே மூட்டைகளோடு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு சரியான பஸ்ஸில் ஏறினார்கள். ஐந்து பஸ்ஸும் போயிற்று. மேலாளர் கையெழுத்துப் புத்தகத்தை மாமா பக்கம் நகர்த்திவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாமா சிலேட்டில் குறைகளை எழுதி எனக்குக் காட்டினார். "கனம். சுருதி இல்லை. பொம்பளைக் குரல்."

"அதுல என்ன குறை?" என்றாள் அக்கா. "வீட்லதான் நான் சொன்னா நீங்க கேக்கலை. இங்கயாவது ஊர் கேக்கட்டும்." சொல்லிவிட்டு அழுதாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அலை ஐயா ஊரின் மறுகோடியில் கடை போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. இப்போது டேப்லெட் இல்லையாம், ஃபிரிட்ஜாம். எல்லா ஃபிரிட்ஜின் கதவிலும் கல் போய் ஒட்டிக்கொள்கிறதாம். இப்படிப்பட்ட அருளை யாரும் பார்த்ததில்லையாம். காலையிலேயே வரிசையாம்.

அன்று மதியம் மாமாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். அறிவிப்பு அறையின் கண்ணாடி வழியாகக் கீழே ஒரு கூட்டம் தெரிந்தது. எல்லோரும் மறுகோடிக்குப் போகிறவர்கள். எந்த பஸ் என்று யாரும் பார்க்கவில்லை. ஒருவர் ஏறினார் என்று இன்னொருவர், அவர் ஏறினார் என்று பத்துப் பேர், பணிமனைக்குத் திரும்புகிற காலி பஸ்ஸில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், கையில் துண்டுத்தாளோடு, நம் சர்வேயர்.

மாமா சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு தடியனை இழுத்து எழுதினார். நிலையம் முழுக்க அந்தச் சுருதியில்லாத குரல் ஒலித்தது.

"பயணிகள் கவனத்திற்கு. பஸ் எங்கே போகிறது என்று முகப்பில் எழுதியிருக்கிறது. நீங்களே படித்துப் பார்த்து ஏறவும். முன்னால் நிற்பவர் ஏறுகிறார் என்பதற்காக ஏற வேண்டாம். அவர் உங்களைப் பார்த்துத்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்."